பக்கத்தின் அடியில் ஒரு சொல்

வேதவல்லி பதினேழு வயதில் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்தாள், பதினெட்டில் ஹையர். இரண்டிலும் முதல் வகுப்பு. அதன் பிறகு அவளுக்கு வந்தது எல்லாம் அந்தப் பத்து விரல்கள் வழியாகத்தான் வந்தது. சென்னையில் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை கிடைத்தது. அந்த வேலையைக் கேள்விப்பட்டுப் பெண் பார்க்க வந்தவர் சேதுராமன். சேதுராமனுக்குப் பின்னால், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டில், டொராண்டோ.

சேதுராமனுக்கு ஒஷாவாவில் கார் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் டிராஃப்ட்ஸ்மேன் வேலை. இருட்டில் காரை எடுத்துக்கொண்டு போய் இருட்டில் திரும்புவார். குழந்தை இல்லை. குடியிருந்தது டொராண்டோவின் பார்க்டேல் பகுதியில், ஒரு பழைய செங்கல் வீட்டின் மாடியில் இரண்டு அறைகள். ஜன்னலுக்குக் கீழே ஸ்ட்ரீட்கார் என்கிற டிராம் வண்டி திரும்பும்போது மேஜைமேல் இருக்கும் டம்ளர் லேசாக ஆடும். அந்த மேஜையில்தான் வேதவல்லி பல்கலைக்கழகத்து மாணவர்களின் ஆராய்ச்சிக் கட்டுரைகளை டைப் அடித்துக் கொடுத்தாள். கோதுமைச் செடிக்கு வரும் நோய், தவளையின் நரம்பு, எந்தக் காலத்திலோ நடந்த ரயில்பாதைத் தகராறு, எது வந்தாலும் அடிப்பாள். எதையும் படிக்க மாட்டாள். கண்ணிலிருந்து விரலுக்கு இறங்கும், நடுவில் எங்கும் நிற்காது. அதை அவள் பழக்கமாகவே வைத்திருந்தாள். அதற்கு ஒரு காரணம் இருந்தது, அதைச் சேதுராமனிடம்கூடச் சொன்னதில்லை.

கீழே குடியிருந்தவர் வீட்டுக்காரர் பெர்த்தோல்டி. வெனிஸுக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரர், மனைவியை இழந்தவர். இந்த ஊர்ப் பள்ளிக்கூடங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் மொசைக் தரை போட்டுப் போட்டு இரண்டு முழங்காலும் போயிருந்தன. எழுபத்தைந்தாம் வருஷம் ஆவணி வாக்கில் ஒரு நாள் மூச்சு வாங்க மாடிப்படி ஏறி வந்து, பழைய தரை வரைபடங்களின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிய முந்நூறு தாள்களை அவள் மேஜையில் வைத்தார். ஒரு தாளிலும் பக்க எண் இல்லை.

"என்ன இது?"

"ஒரு கிழவனோட கதை, சினியோரா. எங்க ஊர்த் தலைவன். அறுநூறு வருஷம் முன்னாடி தலையை வெட்டிட்டாங்க. என் பேரப்பிள்ளைங்களுக்கு இட்டாலியன் வராது. அதனால என்னோட ஓட்டை இங்கிலீஷ்ல எழுதியிருக்கேன். நீ ஓட்டையை அடைச்சு அடிச்சுக் கொடு."

கிழவனின் பெயர் மரீனோ ஃபலியேரோ. வெனிஸ் நகரத்தின் தலைவருக்கு டோஜ் என்று பெயர். தலையில் ராஜா மாதிரித் தொப்பி, ஆனால் மகனுக்குப் பட்டம் போகாது. ஊர்ப் பிரபுக்கள் கூடித் தேர்ந்தெடுப்பார்கள். ஃபலியேரோவைத் தேர்ந்தெடுத்தபோது அவர் ஊரிலேயே இல்லை, போப்பாண்டவரிடம் தூது போயிருந்தார். எழுபது வயதுக்குமேல் வந்த பட்டம். திரும்பி வந்த அன்று கடல்மேல் அப்படி ஒரு மூடுபனி. படகு தடம் தவறி, குற்றவாளிகளைக் கொல்லுகிற இரண்டு தூண்களுக்கு நடுவில் போய் நின்றது. டோஜ் அங்கேதான் கால் வைத்து இறங்கினார்.

அந்த இடத்தில் வேதவல்லியின் விரல் நின்றுவிட்டது. எத்தனையோ வருஷத்தில் முதல் தடவையாக, தான் அடித்ததைப் படித்துவிட்டாள்.

அன்றிலிருந்து அந்தக் கிழவர் வீட்டுக்குள் வந்துவிட்டார். அப்படித்தான் அவளுக்குத் தோன்றியது. அடித்துக்கொண்டிருக்கும்போது வலது தோளுக்குப் பின்னால் யாரோ தாள் முடிவதற்காகக் காத்து நிற்பது போல இருக்கும். ஈரக் கம்பளியின் வாசனை வரும். திரும்பினால் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர்மேல் காயப்போட்ட சேதுராமனின் கையுறைதான் இருக்கும். ஆனால் கையுறை இல்லாத நாட்களிலும் அந்த வாசனை வந்தது.

சேதுராமன் சாப்பிட உட்காரும்போது கேலி செய்வார்.

"என்ன வேதா, உன் கிழவன் இன்னும் தலையோடதான் இருக்கானா?"

"இருக்காருங்க. இன்னும் எண்பது பக்கம் இருக்கு."

"சீக்கிரம் வெட்டச் சொல்லு. ரசம் ஆறிப்போகுது."

அந்தக் கார்த்திகையில் தபால்காரர்கள் வேலைநிறுத்தம் ஆறு வாரம் நடந்தது. முடிந்தபோது அக்கா நாகலட்சுமியின் கடிதங்கள் மூன்றும் ஒரே நாளில் வந்து விழுந்தன. வேதவல்லி தேதி பார்த்து வரிசைப்படுத்திப் பிரித்தாள்.

முதல் கடிதம், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்றது. வயது எழுபத்தைந்து, தை தாண்டினால் ஆச்சரியம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டாவதில் நான்கே வரி. "ஏகாம்பரம் இருக்கிறான், வேதா. ராய்ப்பூரில் ஒரு கிடங்கில் ஸ்டோர்கீப்பர். யார் மூலமாகவோ அப்பா நிலைமை தெரிந்து எனக்குக் கார்டு போட்டிருக்கிறான். ஒரு தரம் வந்து பார்த்துவிட்டுப் போகட்டுமா என்று கேட்கிறான்." மூன்றாவதில், "அப்பாவிடம் சொன்னேன். யார் அது என்று கேட்டார். அதற்குமேல் பேச எனக்குத் தைரியம் இல்லை. தம்பிக்கும் அதை அப்படியே எழுதிவிட்டேன், மறைக்கத் தெரியவில்லை. நீ எழுதினால் கேட்பார். நீ அவர் செல்லம். உடனே எழுது."

வேதவல்லி மூன்றையும் மடித்துச் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் வைத்தாள். உடனே எழுதவில்லை.

ஏகாம்பரம் அக்காவுக்குத் தம்பி, அவளுக்கு அண்ணன். அவன் உயிரோடு இருக்கிறானா என்பது இருபத்திரண்டு வருஷமாக அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. அமாவாசை அன்று சேதுராமன் தன் பெற்றோருக்கு எள்ளும் தண்ணீரும் விடும்போது, வேதவல்லி அடுப்படியில் நின்று அண்ணனை நினைத்துக்கொள்வாள். இருப்பவனுக்கு எள் இறைப்பது பாவம். செத்தவனுக்கு இறைக்காமல் விடுவதும் பாவம். எது என்று தெரியாமலே இத்தனை அமாவாசை போயிற்று.

அப்பா கச்சபேசன், பாலாற்றுக்கு அந்தப்புறம் ஒரு சின்ன ஊரின் முன்சீப் கோர்ட்டில் சிரஸ்தார், அதாவது தலைமைக் குமாஸ்தா. எந்த வழக்குக் கட்டு மேலே வரவேண்டும், எது அடியில் போகவேண்டும் என்பது அவர் கையில் இருந்தது. நெசவாளர்களின் தறிகளை ஜப்தி செய்த வழக்கு ஒன்று, அது மட்டும் எப்போதும் அடியிலேயே கிடந்தது. ஏன் என்று ஊருக்குத் தெரியும். நெசவாளர் சங்கத்தில் குமாஸ்தாவாக இருந்த ஏகாம்பரத்துக்கும் தெரியும். ஐம்பத்து மூன்றாம் வருஷம் ஒரு மத்தியானம் அவன் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்கு வந்து, தங்கைக்குப் பின்னால் நின்றான்.

"வேதா, ரெண்டு பக்கம்தான். படிக்காம அடிச்சுக் கொடு."

"என்னண்ணே இது?"

"படிக்காதேன்னேன்ல? படிச்சா நீயும் சேர்ந்த மாதிரி ஆயிடும்."

அவள் படித்தாள். ஜில்லா ஜட்ஜுக்கு, கையெழுத்து இல்லாத மொட்டைப் பெட்டிஷன், அப்பாவின்மேல். படித்துக்கொண்டே அடித்தாள். விசாரணை வந்தது, அப்பா மூன்று மாதம் வேலைக்குப் போகவில்லை. விளக்கம் கேட்டு அந்தப் பெட்டிஷனையே அவர் கையில் கொடுத்திருந்தார்கள். ஒரு சாயங்காலம் எல்லாரையும் கூடத்துக்குக் கூப்பிட்டார்.

"இதை எழுதினது யாரு?"

"நான்தான்" என்றான் ஏகாம்பரம்.

"அடிச்சது?"

"செங்கல்பட்டுல ஒருத்தன்கிட்ட குடுத்து அடிச்சு வாங்கினேன்."

அப்பா அவனையே கொஞ்ச நேரம் பார்த்தார். வேதவல்லி சுவரைப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை.

அன்று இரவே அண்ணன் போய்விட்டான். மறுநாள் காலையில் அப்பா தலைமுழுகினார். இருக்கும் பிள்ளையைச் செத்தவனாக்கும் குளியல் அது. அம்மா, அக்கா, வேதவல்லி எல்லாரும் வரிசையாக நின்று முழுகினார்கள். ஈரத்தலையோடு அவளை உட்காரவைத்து அப்பா ஒரு நோட்டீஸ் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளச் சொன்னார். என் மகன் ஏகாம்பரத்துக்கும் எனக்கும் என் குடும்பத்துக்கும் இன்று முதல் எந்தவிதச் சம்பந்தமும் இல்லை, அவனோடு வைத்துக்கொள்ளும் கொடுக்கல் வாங்கலுக்கு நாங்கள் பொறுப்பல்ல. பத்திரிகைக்கு ஒன்று, அவன் சங்கத்து முகவரிக்கு ரிஜிஸ்தர் தபாலில் ஒன்று. அவள் இன்ஸ்டிடியூட்டுக்குப் போய் அடித்து எடுத்து வந்தாள். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"ஒரு தப்பு இல்லை" என்றார்.

ஒரு கணம் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. இருபத்திரண்டு வருஷமாக அவளை விடாமல் துரத்தியது அந்த ஒரு கணம்தான். அதன் பிறகுதான் எதையும் படிக்காமல் அடிக்கப் பழகிக்கொண்டாள்.

இப்போது எழுத வேண்டும். அண்ணனை உள்ளே விடுங்கள் என்று எழுதினால், ஏன் நீ கேட்கிறாய் என்பார். பெட்டிஷனை அடித்தது நான்தான் என்று சொல்ல வேண்டும். சாகப்போகிற மனிதரிடம் அதைச் சொல்வதா? சொல்லாமல் செல்லப் பெண்ணாகவே இருந்து கேட்பதா? அப்பாவுக்கு நாள் குறைந்துகொண்டிருந்தது. அது தெரிந்தும் அவள் நீல ஏர்மெயில் தாளை எடுத்து மேஜையில் வைத்து, அதன்மேலேயே பெர்த்தோல்டியின் வரைபடத் தாள்களை வைத்து டோஜை அடித்தாள். மார்கழி முழுவதும் அப்படியே போயிற்று.

டோஜின் கதையும் நல்ல இடத்தில் இல்லை. ஓர் இளம் பிரபு விருந்தன்று டோஜின் மனைவியைப் பற்றி அவருடைய நாற்காலியிலேயே அசிங்கமாக எழுதிவைத்தான் என்று ஒரு கதை உண்டாம். பிரபுக்கள் சபை அவனுக்குக் கொடுத்த தண்டனை போதாது என்று கிழவருக்குக் கோபம். கப்பல் கட்டும் துறையின் ஆட்களோடு சேர்ந்து, தான் தலைமை வகிக்கும் ஆட்சியையே கவிழ்க்கத் திட்டம் போட்டார். கூட இருந்தவர்களில் ஒருவன் தன் பிரபு நண்பனைக் காப்பாற்றப் போய் விஷயத்தை உடைத்துவிட்டான். டோஜைப் பதவி ஏற்ற ஏழு மாதத்துக்குள் பிடித்தார்கள். கூட்டாளிகளை அரண்மனை ஜன்னலில் தூக்கிலிட்டார்கள். கத்திச் சொல்லிவிடாதபடி வாயை அடைத்துத் தூக்கிலிட்டார்கள்.

அந்த வரியை அவளால் அடிக்க முடியவில்லை. மூன்று முறை தாளை உருவிப் போட்டாள். தோளுக்குப் பின்னால் நின்றவர் நகரவே இல்லை. இப்போது அது கிழவரா, அண்ணனா என்பதுகூட அவளுக்கு நிச்சயமில்லை.

பொங்கல் கழித்து ஒரு காலையில் பெர்த்தோல்டி, அடித்த வரைக்கும் பார்க்கலாம் என்று ஏறி வந்தார். நாற்காலியில் சாய்ந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டியவர் நிமிர்ந்தார்.

"சினியோரா, இது என்ன? எல்லாப் பக்கத்துலயும் அடியில, வலது ஓரத்துல, ஒரு வார்த்தை தனியா நிக்குது."

வேதவல்லி எட்டிப் பார்த்தாள். முகம் சுட்டது. "அடுத்த பக்கத்தோட முதல் வார்த்தை அது. பழக்கம். பசங்களுக்கு அடிக்கும்போது விட்டுடுவேன், அவங்க சண்டை போடுவாங்க. உங்க தாள்ல நம்பர் இல்லையா, கை தன்னால போட்டிருக்கு."

"எங்க ஊர் பழைய ஏட்டுக்காரங்க இப்படித்தான் எழுதுவாங்க, தெரியுமா? யார் சொல்லிக்கொடுத்தா உனக்கு?"

"எங்கப்பா. கோர்ட்ல இருந்தார். நடுவுல யாராவது தாளை மாத்தி வச்சிட்டா தெரிஞ்சுடும்னு சொல்லுவார். இன்ஸ்டிடியூட்ல வேற யாரும் போட மாட்டாங்க. நான் மட்டும்தான்."

"நல்லதாப் போச்சு." பெர்த்தோல்டி சிரித்தார். "இந்த டொராண்டோவில இருக்கற அத்தனை காகிதத்தையும் கொட்டி வச்சாலும் உன் தாளை நான் கண்ணை மூடிக்கிட்டுப் பொறுக்கிடுவேன். நீ எங்கயும் மொட்டைக் கடுதாசி போட முடியாது!"

அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியிறங்கும் சத்தம் ஓய்ந்தது. வேதவல்லி நின்ற இடத்திலேயே நின்றாள்.

இரண்டு பக்கப் பெட்டிஷன். முதல் பக்கத்தின் அடியில், வலது ஓரத்தில், தனியாக ஒரு சொல். 'அஃபோர்செட்', மேற்படி என்பதற்குக் கோர்ட் இங்கிலீஷ். அவளுக்கு இப்போதும் அது கண்ணில் தெரிந்தது. முப்பது வருஷம் காகிதம் பார்த்த மனிதர், தானே சொல்லிக்கொடுத்த மனிதர், அந்தத் தாளை மூன்று மாதம் கையில் வைத்திருந்தார்.

அவருக்குத் தெரியும். யார் அடித்தது என்று கூடத்தில் கேட்டபோதே தெரியும். தெரிந்துதான் அண்ணன் முகத்தைப் பார்த்தார். தெரிந்துதான் அவளை உட்காரவைத்து நோட்டீஸ் அடிக்கச் சொன்னார்.

மேஜையிலிருந்த தாள்களை ஒதுக்கிவிட்டு ஏர்மெயிலை எடுத்தாள். மெஷினில் வைக்கவில்லை, கையால் எழுதினாள். "அப்பாவுக்கு. அந்தப் பெட்டிஷனை அடித்தது நான். அது உங்களுக்கு அன்றைக்கே தெரியும் என்பது எனக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. இரண்டு பேர் செய்த காரியத்துக்கு ஒருவனை மட்டும் வெளியே அனுப்பினீர்கள். அவனை உள்ளே விடுங்கள். முடியாது என்றால் எனக்கும் சேர்த்து ஒரு தரம் தலைமுழுகிவிடுங்கள்." பூட்ஸை மாட்டிக்கொண்டு, சேறாகிக் கிடந்த பனியில் நடந்து போய்ப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தாள்.

அன்று சாயங்காலம் சேதுராமனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சாதத்தைப் பிசைந்தபடியே கேட்டார்.

"பெட்டிஷன்ல இருந்தது நெசமா?" என்றார்.

"நெசம்தாங்க."

"அப்ப நீங்க ரெண்டு பேரும் பண்ணினது தப்பில்லையே."

"தப்பா சரியாங்கறது இல்லீங்க. நானும்தான்னு சொல்லி அவன் பக்கத்துல போய் நிக்கலையே நான்."

சேதுராமன் கையைக் கழுவிக்கொண்டு வந்து, அன்று தானே பாத்திரம் தேய்த்தார்.

பதிலுக்குக் காத்திருந்த வாரங்களில் டோஜின் கதையை முடித்தாள். அரண்மனைப் படிக்கட்டில் வைத்துத் தொப்பியைக் கழற்றினார்கள், பிறகு தலையை எடுத்தார்கள். பெரிய சபை மண்டபத்தில் டோஜ்களின் படங்களை வரிசையாகத் தீட்டியிருக்கிறார்கள். இவர் இடத்தில் மட்டும் ஒரு கறுப்புத் திரை. குற்றங்களுக்காகத் தலை வெட்டப்பட்ட மரீனோ ஃபலியேரோவின் இடம் இது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. ஒரு தீ விபத்துக்குப் பின் எல்லாப் படங்களையும் புதிதாகத் தீட்டியபோது அந்தத் திரையையும் மறுபடி தீட்டினார்களாம்.

"பேசாம அந்த இடத்துல அடுத்த ஆளை வரைஞ்சிருக்கலாமே" என்றாள் வேதவல்லி, கடைசித் தாளைக் கொடுக்கும்போது.

பெர்த்தோல்டி தலையாட்டினார். "வரைஞ்சா மறந்துபோயிடும். மறக்கறதுக்கு இல்ல சினியோரா, அவன் அங்க இல்லைன்னு தினமும் பாக்கறதுக்கு."

மாசி கடைசியில் அக்காவின் கடிதம் வந்தது.

"உன் கடிதத்தை அப்பாவுக்கு இரண்டு தரம் படித்துக் காட்டினேன். கையில் கொடுத்துவிட்டுப் போ என்றார். கண் தெரியாதே என்றேன், இருக்கட்டும் என்றார். மறுநாள், 'ஒண்ணாவது வீட்ல இருக்கட்டும்னு நெனச்சேன்' என்றார். எனக்கு அப்போதுதான் எல்லாம் புரிந்தது. பிறகு, 'அவனை வரச் சொல்லு' என்றார். தந்தி அடித்தேன். உன் கடிதத்தைப் பற்றியும் தம்பிக்கு விவரமாக எழுதினேன். தினமும் காலையில் சட்டை போட்டுவிடச் சொல்லி, வாசலைப் பார்த்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒன்பது நாள். பத்தாம் நாள் காலையில் எழுப்பப் போனேன், எழுந்திருக்கவில்லை. சித்தப்பா மகன் கொள்ளி வைத்தான். தம்பி வரவே இல்லை."

வேதவல்லி அழவில்லை. சேதுராமனுக்குத் தொழிற்சாலைக்குப் போன் செய்து சொன்னாள். அவர் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தார். இரண்டு பேரும் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து ஸ்ட்ரீட்கார் போவதைப் பார்த்தார்கள்.

"வந்திருக்கலாம் உங்கண்ணன்" என்றார் சேதுராமன்.

"வந்திருக்கலாம்."

பத்து நாள் கழித்து இன்னொரு நீலத் தாள் வந்தது. ராய்ப்பூர் முத்திரை. இருபத்திரண்டு வருஷத்தில் அண்ணனின் கையெழுத்து மாறவே இல்லை.

"வேதாவுக்கு. நான் வரவில்லை என்று அக்கா நினைத்துக்கொண்டிருக்கிறாள். நான் வந்தேன். தந்தி கிடைத்த ஐந்தாம் நாள் காலை நம் தெருவில் நடந்தேன். அப்பா சட்டை போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நாலு அடி தூரம். என்னைப் பார்த்தார். தெருவில் போகிற யாரோ ஒருத்தனைப் பார்ப்பது போலப் பார்த்தார். கண் போய்விட்டது என்று அக்கா பிறகு எழுதினாள். அன்று எனக்குத் தெரியாது. யார் அது என்று கேட்டாராமே, அதுதான் காதில் கேட்டது. செத்தவன் தெருவில் நடந்தால் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, நிற்காமல் அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிட்டேன்.

நோட்டீஸ் நீ அடித்தது என்று அப்போதே தெரியும். வீட்டில் வேறு யாருக்கு மெஷின் தெரியும்? அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் பெட்டிஷன் விஷயத்தை நீ ஏன் அப்பாவிடம் சொன்னாய்? உன் பெயர் வெளியே வராமல் பார்த்துக்கொண்டேன். எல்லாம் போன பிறகு, நான் ஒழுங்காகச் செய்தேன் என்று நினைத்துக்கொள்ள அந்த ஒன்றுதான் இருந்தது. அவருக்கு முதலிலேயே தெரியும் என்று இப்போது நீ சொல்கிறாய். அப்படியானால் நான் இத்தனை வருஷம் எதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்? நீ எழுத வேண்டாம். நன்றாக இரு."

கீழே கையெழுத்து. முழுப் பெயர், அப்பாவின் முதலெழுத்தோடு.

வேதவல்லி அதைப் பலமுறை படித்தாள். எழுத வேண்டாம் என்று சொன்னவனுக்கு அடுத்த வாரமே எழுதினாள். மன்னிப்பு என்று எதுவும் இல்லை, அப்பாவைப் பற்றி ஒரு வரி இல்லை. பனி உருகுவதை எழுதினாள். சேதுராமனின் கார் நடுரோட்டில் நின்றுபோனதை, வீட்டுக்காரர் தன் புத்தகத்தைப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்ததில் ஒருத்தரும் இன்னும் பிரிக்கவில்லை என்பதை எழுதினாள். மாதம் ஒன்று என்று கணக்கு வைத்துக்கொண்டாள். டொராண்டோவில் இருந்த மிச்ச வருஷங்களிலும் அவள் மற்றவர்களுடைய கட்டுரைகளை அடித்துக்கொண்டுதான் இருந்தாள். தோளுக்குப் பின்னால் நின்றவர் போய்விட்டாரா என்று சேதுராமன் ஒரு நாள் கேட்டபோது, "யாருக்குத் தெரியும், நான் இப்பல்லாம் திரும்பிப் பாக்கறதில்லை" என்றாள்.

ராய்ப்பூரிலிருந்து பதில் வந்ததே இல்லை. ஆனால் அந்த முகவரியில் ஆள் இல்லை என்று ஒரு கடிதமாவது திரும்பி வந்ததும் இல்லை. மாதாமாதம் யாரோ ஒருவர் கதவைத் திறந்து வாங்கிக்கொள்கிறார்.